பேண்ட்சா மேசை நடுவே ஒரு வட்டத்தட்டு: நான்கு வருடப் பாடு

என் பட்டறையில் இருப்பது 14 அங்குல பேண்ட்சா, அதாவது மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். மேசை நடுவே, பிளேடு இறங்கும் இடத்தில், ஒரு வட்டத்தட்டு உட்கார்ந்திருக்கும். மெஷினோடு வந்த தட்டு அலுமினியம். அதிலிருந்த வெட்டு மூன்று நூல் அகலம் (ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்). பிளேடின் கனமோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இடையில் கிடக்கும் அந்தப் பள்ளத்தைப் பற்றி முதல் வருடம் நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது ஒரு தேக்குக் குச்சி. ட்ரே விளிம்பில் ஒட்டுவதற்காக ஒரு நூல் கனத்தில் பட்டைகள் அறுத்துக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டு பிளேடோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், குச்சி கீழ்ச் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கியிருக்க, 93½ அங்குல பிளேடு ஓரிடத்தில் மடங்கிக் கிடந்தது. மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அப்புறம்தான் ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட் பக்கம் வந்தேன். பெயர்தான் பெரிசு. வெட்டே இல்லாத தட்டைப் போட்டு, தனக்கு வேண்டிய வழியை பிளேடே அறுத்துக்கொள்ள விடுவது, அவ்வளவுதான். பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தின் அடிப்பக்கம்தான் பிய்யும். பிளேடை ஒட்டித் தாங்கல் இருந்தால் அந்தச் சிராய் வெகுவாகக் குறைந்துவிடும். சின்னத் துண்டும் உள்ளே போகாது.

முதலில் எம்.டி.எஃப்., மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஐப்பசி மழை பிடித்ததும் ஊதி, மேசை மட்டத்துக்கு மேலே எழும்பி நின்றது. தள்ளிய மரமெல்லாம் அதில் முட்டியது. கழற்ற உளி வேண்டியிருந்தது. அடுத்து அக்ரிலிக். அடியில் நடப்பதெல்லாம் தெரியும் என்று ஆசைப்பட்டேன். பிளேடு உரசிச் சூடேறினால் உருகிய தூள் வெட்டிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாள் கை தவறித் தரையில் விழுந்து விளிம்பு தெறித்ததும் அதோடு சரி என்று விட்டுவிட்டேன்.

நிலைத்தது ஹைலம். வீட்டு வயரிங் மாற்றியபோது கழற்றிப் போட்ட மரச் சுவிட்ச் பெட்டிகளின் பழுப்பு நிற மேல்மூடி இருக்கிறதே, அதுதான். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 3 மி.மீ. என் மேசையில் தட்டு உட்காரும் பள்ளமும் அதே ஆழம். சுவிட்ச் ஓட்டைகளைத் தவிர்த்து ஒரு மூடியில் இரண்டு தட்டு எடுக்கலாம். ஈரம் ஏறுவதில்லை, உருகுவதில்லை. அறுக்கும்போது நாற்றமும் நுண்ணிய தூளும் கிளம்பும், மாஸ்க் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வட்டம் எடுக்க டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சா போதும் என்று நினைத்து ஒரு மூடியை வீணாக்கினேன். அது சொல்லும் அளவு ஓட்டைக்கானது. உள்ளே கிடைக்கும் வில்லை அதைவிடச் சிறிசு. போதாக்குறைக்கு நடு டிரில் போட்ட ஓட்டை, பிளேடு வரவேண்டிய இடத்திலேயே வந்து நிற்கும். இப்போது பேண்ட்சாவிலேயே அறுக்கிறேன். ஒரு பிளைவுட் துண்டில் கூரான சின்ன ஆணி, அதிலிருந்து பல் வரை 30 மி.மீ. ஹைலத்தின் அடிப்பக்கம் பாதி ஆழத்துக்கு மட்டும் ஒரு குழி போட்டு, அதை ஆணிமேல் உட்கார வைத்து மெதுவாகச் சுற்றினால் வட்டம் தயார். கால் அங்குல பிளேடு வேண்டும். அரை அங்குலம் இவ்வளவு சின்ன வளைவில் திரும்பாது. ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே வந்து, கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கும் பதத்தில் நிறுத்துங்கள்.

வெட்டுப் போடுவதில்தான் நிதானம் வேண்டும். தட்டை இரட்டைப் பக்க டேப்பால் நீளமான மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டி, பின்விளிம்பு முதலில் பல்லில் படும்படித் தள்ளுகிறேன். பல் எங்கே நிற்கும் என்று முன்பே அளந்து கோடு போட்டிருப்பேன். கோட்டைத் தொட்டதும் நிறுத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளைவுட்டை உரித்து, வெட்டுக்குள் பிளேடு போகும்படி நுழைத்து அழுத்தினால் பல்லுக்கு முன்னால் மயிரிழை இடைவெளிகூட இருக்காது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். தட்டு தாழ்ந்திருந்தால் அடியில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப்.

பல் நிற்கும் இடம் பிளேடுக்குப் பிளேடு மாறும் என்பதால் அரை அங்குலத்துக்கு ஒன்று, கால் அங்குலத்துக்கு ஒன்று என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். மேசையைச் சாய்ப்பதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஒரு தடவை மறந்து, நல்ல தட்டு ஒன்றைப் பிளேடுக்குத் தின்னக் கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. முன்பு அகலமான வெட்டு வழியாகக் கீழே போன தூளில் ஒரு பங்கு இப்போது மேசைமேலேயே நிற்கிறது. கனமான கட்டையை நெடுக்காகப் பிளக்கும் நாளில் கோடே மறைந்துவிடும். அன்று மட்டும் பழைய அலுமினியத்தையே போட்டுக்கொள்கிறேன்.

எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. போன வருடம் ஒரு தட்டின் வெட்டு மூன்றே மாதத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றுவிட்டது, அதுவும் வலப்பக்கம் மட்டும். ஹைலம் மட்டமான சரக்குபோல என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டைக் கழற்றி, பிளேடு பக்கவாட்டில் விலகாமல் மேசைக்கு அடியில் பிடித்து நிறுத்தும் கீழ் கைடு பேரிங்கை விரலால் ஆட்டினால் அது கடகடவென்று ஆடியது. பிளேடு அந்தப் பக்கம் ஒதுங்கி ஒதுங்கித் தட்டை அரித்திருக்கிறது. அலுமினியத் தட்டின் அகலமான வெட்டில் இது எந்தக் காலத்திலும் என் கண்ணில் பட்டிருக்காது. பேரிங் மாற்றிய பிறகு போட்ட தட்டு எட்டு மாதமாகியும் அப்படியே இருக்கிறது.

இப்போது ஓடுவது ஏழாவது. சுவிட்ச் பெட்டி மூடி இன்னும் மூன்று மீதி. ஒன்றில் ஃபேன் ரெகுலேட்டர் ஓட்டை ரொம்பப் பெரிசு, அதில் ஒரு தட்டுதான் தேறும்.