சிறு பிள்ளைகளுக்கு வரலாறு: வீட்டிலிருந்து தொடங்குவதா, கற்காலத்திலிருந்தா?

ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வரலாற்றை எங்கே தொடங்குவது என்பதில் ஆசிரியர்கள் ரொம்ப காலமாகவே இரண்டு கட்சி. ‘நான், என் குடும்பம், என் தெரு, என் நாடு’ என்று வட்டத்தை மெல்லப் பெரிதாக்கு என்கிறது ஒன்று. கற்காலத்தில் தொடங்கி வரிசையாக வா என்கிறது மற்றொன்று. இவை தவிர கதை வழி, பழைய பொருள் ஒன்றைக் காட்டித் தொடங்கும் பொருள் வழி என்று இன்னும் இரண்டு.

வட்ட முறை 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் கோலோச்சியது. பால் ஹன்னா என்ற கல்வியாளரின் பெயரோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரும் பிள்ளை, சான்று திரட்டும் வேலையைத் தன்னையறியாமலே செய்துவிடுகிறது. ஒரே சம்பவத்தை இருவரும் வேறு வேறு மாதிரி சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் இதையே வருடக்கணக்கில் இழுத்தால் சலித்துவிடும். டைனோசர் பெயர்களைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு, தபால்காரர் என்ன வேலை செய்வார் என்று பாடம் நடத்துவது கொஞ்சம் அநியாயம்தான்.

காலவரிசைக்கு இங்கிலாந்தின் பாடத்திட்டம் நல்ல உதாரணம். 7 முதல் 11 வயதுக்குள் பிரிட்டன் வரலாற்றில் முக்கியமாகக் கற்காலம் தொடங்கி, நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066 வரை போகிறார்கள். முன்பின் குழப்பம் குறையும். சிக்கல் என்னவென்றால், ஏழு வயதில் படித்த கற்காலம் கடைசிவரை ஏழு வயதுப் புரிதலோடேயே நின்றுவிடும். வரிசை வேண்டும்தான், அதற்குச் சுவரில் ஒரு கயிறு போதும். இன்றிலிருந்து பின்னோக்கி 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று வைத்தால் பிள்ளையின் மொத்த வயதும் 1 செ.மீ. அளவைத் தாண்டாது. எகிப்து ராணி கிளியோபாட்ரா 2 மீட்டரில், கீசாவின் பெரிய பிரமிடு நாலரை மீட்டருக்கும் அப்பால். இதை எந்தத் தேதிப் பட்டியலும் இப்படிப் புரியவைக்காது.

கதை பிள்ளைகளைக் கட்டிப்போடும், சந்தேகமில்லை. ஆனால் ராஜா கதைக்கும் வரலாற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு கேள்வி சேர்ந்தால்தான் அது வரலாறு.

அந்த இடத்தில்தான் பொருள் வழி ஜெயிக்கிறது. கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, பக்கத்து ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்தில் கரியாகிப்போன ஒரு ரொட்டி பிற்காலத்தில் கிடைத்தது. வட்டமாக, துண்டு துண்டாகப் பிய்க்க வசதியாகக் கோடு போட்டது. அதன் மேல் ஒரு முத்திரை: கிரானியஸ் வேரஸின் அடிமை செலர். படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். ரொட்டியில் ஏன் பெயர்? அடிமை என்றால் யார்? அவர் தப்பித்தாரா? கேள்விகள் தானாக வரும். அப்புறம், அந்த வெடிப்பைத் தொலைவிலிருந்து பார்த்த 17 வயது இளைய பிளினி என்ற ரோமானியர் பிற்பாடு எழுதிய கடிதத்தைச் சொல்லலாம். பொருளும் கதையும் ஒன்றையொன்று தாங்கும்.

என் தேர்வு இதுதான்: பொருளும் கதையும் முதன்மை, கயிறு முதல் நாளிலிருந்தே சுவரில், குடும்பப் பேட்டி ஒரு பருவத்துக்கு மட்டும். பரீட்சையில் தேதி கேட்க வேண்டாம். தேதி தெரியாத சின்னப் பிள்ளைகள்கூட உடையையும் வண்டியையும் பார்த்துப் படங்களை ஓரளவு வரிசைப்படுத்துவதை கல்வி ஆய்வாளர்கள் கீத் பார்ட்டனும் லிண்டா லெவ்ஸ்டிக்கும் 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டு படம் கொடுத்து, எது பழையது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் போதும்.