பாக் 6½ஏஎல், ஷில்கே 51டி: யூஃபோனியத்துக்கு எது?

இவை இரண்டும் யூஃபோனியம் என்ற பித்தளைக் காற்று வாத்தியத்தில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ்கள். இரண்டின் உள்விட்டத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாக்கில் அது 25.4 மில்லிமீட்டர், ஷில்கேயில் ஒரு மயிரிழை கூடுதல், அவ்வளவுதான். காதுக்குத் தெரிகிற வித்தியாசம், உதடு பதியும் கிண்ணத்தின் ஆழத்தில் இருக்கிறது.

51டி-யின் கிண்ணம் நல்ல ஆழம். ஆழம் கூடும்போது மேல் ஓவர்டோன்கள் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் ஒலிகள்) அடங்கி, அடிச்சுருதி முன்னுக்கு வருகிறது. மெதுவான மெட்டு ஒன்றை வாசித்து, கீழ் ஸ்வரம் ஒன்றை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒலி கனத்து, அகன்று, ஓரமே இல்லாமல் பரவும். யூஃபோனியத்தை நேசிப்பவர்கள் தேடுவது இந்த ஒலியைத்தான் என்பேன். ஆனால் காற்று நிறைய வேண்டும். உதடு களைத்துவிட்டால் மேல் ஸ்தாயியில் நிற்பது கஷ்டம்.

6½ஏஎல் டிராம்போன்காரர்களும் பயன்படுத்துவது. வேகமான ஓட்டங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் பளிச்சென்று பிரிந்து கேட்கும், மேல் ஸ்தாயியும் சுலபம். உரக்க ஊதும்போது மட்டும் டிராம்போன் சாயல் எட்டிப் பார்க்கும். ஆரம்ப மாணவருக்கு இதையே சொல்வேன். மூச்சு வலுத்த பிறகு 51டி-க்குப் போகலாம்.

அப்புறம், வாங்கும் முன் தண்டின், அதாவது மவுத்பீஸில் கருவிக்குள் செருகும் பகுதியின், அளவைப் பாருங்கள். யமஹா 321 மாடல் யூஃபோனியத்துக்குச் சின்னத் தண்டு. இன்றைய காம்பன்சேட்டிங் (கூடுதல் குழாய்களால் சுருதியைத் தானே சரிசெய்யும்) யூஃபோனியங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய தண்டு.