வெந்நீரா, பச்சைத் தண்ணீரா: இதயத்துக்கு எது தோது?

பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் மூச்சு ஒரு கணம் திணறுகிறதே, அங்கேதான் விஷயம். தோலடி ரத்தக் குழாய்கள் சட்டெனச் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நாடித்துடிப்பும் கூடும். திடகாத்திரமானவருக்கு ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும், சுறுசுறுப்பும் வரும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இது வேண்டாத வம்பு.

வெந்நீர் நேர்மாறு. குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். ஜப்பானில் நடுத்தர வயதினர் சுமார் 30,000 பேரை 1990 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், தினமும் தொட்டிக் குளியல் போட்டவர்களுக்கு, வாரம் இரண்டு தடவைக்கு மேல் தொட்டியில் இறங்காதவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் அபாயம் 28% குறைவாக இருந்தது. (தொட்டிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஓய்வும் வசதியும் உள்ளவர்கள்தானே நிதானமாகக் குளிப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம்.) ஆனால் கொதிக்கக் கொதிக்க நெடுநேரம் கிடந்துவிட்டுச் சடாரென எழுந்தால் தலை கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழ வேண்டும்.

என் ஓட்டு வெதுவெதுப்புக்கு. பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்றால் முதலில் காலில், பிறகு கையில், கடைசியாகத் தலையில் ஊற்றுங்கள்.