நாலு பரப்பு வளவில் கலைக்கூடம்: நடுவில் மண்டபமா, நாற்சார் முற்றமா?

யாழ்ப்பாணத்தில் ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்று தன் வளவில் கலைக்கூடம் போட நினைத்தால், நடுவில் ஒரு மண்டபம் என்றுதான் பேச்சுத் தொடங்கும். அதில் நியாயம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒதுங்கலாம், ஒரே கதவைப் பூட்டினால் பொருட்களும் பத்திரம்.

ஆனால் நாலு பரப்பு என்பது கால் ஏக்கர். நடுவில் மண்டபம் வந்தால் சுற்றிவர மிஞ்சுவது ஒடுங்கிய துண்டுகள்தான். மோட்டார் சைக்கிள் விடத்தான் உதவும். உள்ளே மிருதங்க வகுப்பு நடந்தால் சித்திர வகுப்புக்கு இடமில்லை. பெரிய விழாவுக்கு மண்டபம் வேண்டுமென்றால் நகரில் வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது. பொது நூலகத்துக்குப் பக்கத்துப் பண்பாட்டு மையத்தில் 600 பேர் இருக்கலாம். ஊருக்குத் தேவை தினமும் புழங்கும் இடம்.

அதற்கு நடுவில் முற்றமும் நாலு பக்கமும் அறைகளும் உள்ள நம்முடைய பழைய நாற்சார் வீட்டு அமைப்பே பொருத்தம். படலையால் வருபவர் விறாந்தை வழியே நடந்தால் ஒவ்வொரு அறையும் கண்ணில் படும். பிள்ளையைச் சித்திர வகுப்பில் விட வந்த அம்மா, முற்றத்தில் கூத்து ஒத்திகையைக் கண்டு நின்றுவிடுவார். இப்படித்தான் ஒரு கலைக்குப் பார்வையாளர் சேருகிறார்கள். சத்தம்தான் இதில் சிக்கல். தாள வாத்திய அறையை ஒரு மூலைக்குத் தள்ளி, இடையில் உடுப்பும் ஒப்பனைச் சாமானும் வைக்கும் அறையைப் போட்டால் பெருமளவு குறையும்.

நாலு பக்கமும் அடைத்தால் கூத்துக்கு வரும் சனம் கொள்ளாது. அதனால் வடக்கைத் திறந்துவிட்டு ப வடிவில் கட்டலாம் என்பது என் கருத்து. மேடை தெற்கில், வடக்கைப் பார்த்து. பின்னேர வெயில் ஆடுபவர் கண்ணிலும் அடிக்காது, பார்ப்பவர் கண்ணிலும் அடிக்காது. திருவிழாக் காலத்துச் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால் பாட்டும் சனத்தின் பக்கம் போகும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று மழையை மேடைக்குள் அடிக்கும், உண்மைதான். அந்த மாதங்களில் நிகழ்ச்சியை விறாந்தைக்கு மாற்ற வேண்டும். ஒப்பனை அறைக்கு மேடைப் பின்புறத்தில் தனி வாசல் கட்டாயம் வேண்டும். வேஷம் கட்டியவர் சனத்துக்குள்ளால் மேடைக்குப் போனால் அவர் வருகையின் அழகே கெட்டுவிடும்.

எந்த அமைப்பானாலும் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். சுண்ணாம்புக்கல் நிலம்; வெடிப்புகளுக்குள்ளால் கழிவு சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும்.

அப்புறம் காசு. மண்டபம் கூரை ஏறும்வரை ஒன்றுக்கும் உதவாது. முற்ற அமைப்பை ஒவ்வொரு பக்கமாகக் கட்டலாம். முதல் வருடம் தெற்கு மேடையும் அதன் பின்னறையும் மலசலகூடமும் போதும். மற்றப் பக்கங்களுக்குக் கிடுகுக் கொட்டகை போட்டு அந்த மாதமே வகுப்புகளைத் தொடங்கிவிடலாம்.