நடந்துவிட்டுப் பார்க்க வேண்டிய கண்காட்சி

தெருவிலுள்ள பொருள்களின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த படிகளை மட்டுமே கொண்ட ஒரு சிறிய கண்காட்சியை, அதனோடு சேர்த்து நடத்தப்படும் இரண்டு மணி நேர நகர நடையை முடித்துவிட்டுப் பார்த்தேன். நடையில் கலந்துகொள்ளாமல் நேராகக் காட்சிக்கூடத்துக்குள் நுழையவும் அனுமதி உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை.

நடையில் எந்த நினைவுச்சின்னத்தின் முன்னும் நாம் நிறுத்தப்படுவதில்லை. பழைய மரக்கதவு, சூளையின் முத்திரை பதிந்த செங்கல், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி ஆகியவற்றின் முன்தான் நிற்கிறோம். அந்த மூடியின் மேல் வார்க்கப்பட்டுள்ள கட்டங்களும் புள்ளிகளும் அழகுக்காக மட்டுமல்ல, மழையில் கால் வழுக்காமல் இருப்பதற்காகவும்தான். மெல்லிய தாளை ஒருவர் விரித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கிராஃபைட் கட்டியைப் படுக்கை வாட்டில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, மிதிபட்டு மழுங்கிக் கண்ணுக்கே புலப்படாமல் போயிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தபோது, குழுவிலிருந்த அனைவரும் தரையில் குனிந்துவிட்டோம்.

இந்த அனுபவத்தோடு உள்ளே போகும்போது படங்கள் வேறுவிதமாகப் பேசுகின்றன. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையின் ரேகைகளைத் தேய்த்தெடுத்து அவற்றிலிருந்து காடுகளையும் பறவைகளையும் உருவாக்கியதை ஒரு பலகை விளக்குகிறது. கல்வெட்டு மைப்படியோடு இந்த முறையை ஒப்பிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மைப்படியில் ஈரத்தாள் எழுத்தின் குழிக்குள் அழுத்தப்படுவதால், மை மேட்டில் மட்டும் ஒட்டி எழுத்து வெள்ளையாக நிற்கும். உலர்ந்த தாளைத் தேய்க்கும்போதும் பொருளின் மேடுதான் கருமை பெறுகிறது; ஆனால் தாள் குழிக்குள் அழுத்தப்படுவதில்லை.

தாளில் அமைந்த படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியே ஏற்றது என்பதால் வெளிச்சக் குறைவை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் அந்த ஒளியில் படிக்க இயலாத அளவுக்குக் குறிப்பு அட்டைகளைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும், எந்தப் படி எந்தப் பொருளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பல இடங்களில் சொல்லாமல் விட்டிருப்பதும் திருத்தப்பட வேண்டியவை.

கடைசிச் சுவரில் இருக்கும் நீண்ட படியை அவசரமின்றிப் பாருங்கள். ஒரு கல் படிக்கட்டின் விளிம்பை முழு அகலத்துக்கும் எடுத்திருக்கிறார்கள்: இரு ஓரங்களிலும் உளித்தடம் கூர்மையாகத் தெரிகிறது; நடுவில், மனிதர்கள் ஏறி இறங்கிய இடத்தில், தாள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது.