மாம்பழப் பசைச்சோறா, வாழைப்பழக் கோலாக்கா?

தாய்லாந்தின் 'காவ் நியாவ் மாமுவாங்', இந்தோனேசியாவின் 'கோலாக் பீசாங்' ஆகிய இரண்டும் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்புகளே என்றாலும், சத்துக் கணக்கில் அவை வெவ்வேறு. முன்னதில், ஆவியில் வெந்த பசையரிசியைச் சர்க்கரையும் உப்பும் கலந்த கெட்டித் தேங்காய்ப்பாலில் சூட்டோடு ஊறவிட்டு, நன்கு பழுத்த 'நாம் டோக் மாய்' போன்ற மாம்பழத்தோடு பரிமாறுகிறார்கள். பின்னது, ரமலானில் நோன்பு திறக்கும் வேளைக்கென்று பெயர்பெற்றது. வாழைப்பழத்தைப் பனைவெல்லமும் ரம்பை இலையும் இட்ட தேங்காய்ப்பாலில் கொதிக்க வைப்பது.

பழத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 100 கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 60 கலோரியும் 36 மில்லிகிராம் வைட்டமின் சியும் உள்ளன. அடுப்பேறாததால் அந்த வைட்டமின் கெடுவதில்லை. வாழைப்பழத்தில் ஏறத்தாழ 89 கலோரியும் 358 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. கொதிக்கும்போது கரைந்திறங்கும் பொட்டாசியம் பாலிலேயே தங்கிவிடுகிறது.

கணக்கைப் புரட்டிப்போடுவது தேங்காய்ப்பால்தான். கெட்டிப்பால் 100 கிராமில் சுமார் 230 கலோரியும் 21 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் இருக்கின்றன. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 10 சதவீத வரம்பின்படி நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு தட்டுப் பசைச்சோற்றில் 80 கிராம் கெட்டிப்பால் சேர்ந்தாலே 17 கிராம் உள்ளே போய்விடும்; அதைச் சோறு உறிஞ்சிவிடுவதால், உண்பவர் ஒதுக்க நினைத்தாலும் வழியில்லை. கோலாக்கிலோ இரண்டாம் பாலில் பழத்தை வேகவைத்து, இறக்கும் தறுவாயில்தான் முதற்பாலைச் சேர்ப்பார்கள். கிண்ணத்தில் பால் தனியே நிற்பதால், பழத்தைத் தின்றுவிட்டுப் பாதிப் பாலை மிச்சம் வைத்தால் கொழுப்போடு வெல்லத்திலும் கணிசமான பங்கு குறைந்துவிடும். (பனைவெல்லத்தின் கருநிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம்; இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான்.)

மாவுச்சத்திலும் கோலாக்கே முந்துகிறது. பசையரிசியில் அமைலோஸ் என்னும் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாததால் அது விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும். கோலாக்கில் பலர் சேர்க்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நார்ச்சத்தைக் கூட்டுகிறது. கிழங்கு செம்மஞ்சள் நிறமாயின் பீட்டா கரோட்டினும் கிடைக்கும்.

ஆகவே நீரிழிவோ கொழுப்புத் தொல்லையோ உள்ளவர்களுக்கு, இரண்டில் ஒன்று என்றால் அளவான கோலாக்கையே சொல்வேன். மாம்பழத்தை விட மனமில்லாதவர்கள் சோற்றைப் பாதியாக்கி, மேலே ஊற்றும் உப்புத் தேங்காய்ப்பாலை வேண்டாமென்று சொல்லிவிடலாம். தூவித் தரும் வறுத்த பாசிப்பருப்பை மட்டும் விட வேண்டியதில்லை.