அர்த்தூசியா, ஹசானா, வெள்ளிக் கரண்டியா?

இத்தாலியச் சமையலுக்கு ஒரே ஒரு புத்தகம் போதும் என்று கடைக்குப் போனால் மூன்று புத்தகங்கள் போட்டிக்கு நிற்கும். பெல்லெக்ரினோ அர்த்தூசி 1891இல் எழுதியது, மார்செல்லா ஹசான் எழுதியது, ‘வெள்ளிக் கரண்டி’ என்ற தடிமனான தொகுப்பு. மூன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்போ ஆங்கில மூலமோ உண்டு. என் ஓட்டு ஹசானுக்கு. ஆனால் படிக்கிற சுகத்தில் அர்த்தூசியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவர் பட்டு வணிகர், சமையல்காரர் அல்லர். எழுபது வயதுக்கு மேல் சொந்தக் காசில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். பிறந்த ஊரான ஃபோர்லிம்போபோலியில் ஒரு தர்மகாரியக் குலுக்கலுக்கு இரண்டு பிரதிகள் கொடுத்தார். பரிசாகப் பெற்றவர்கள் அவற்றைப் புகையிலைக் கடைக்காரரிடம் விற்றுவிட்டார்கள். அதையும் மறைக்காமல் முன்னுரையில் எழுதிவைத்த மனிதர்! பிறகு வாசகர்கள் கடிதம் வழியே குறிப்புகளை அனுப்ப, முதற்பதிப்பில் 475ஆக இருந்தவை கடைசியில் 790 ஆயின.

மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பின் செய்முறையைத் தேடினால், முதலில் ஒரு காலரா கதை வருகிறது. 1855இல் லிவோர்னோவில் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சூப்பைத் திட்டியபடியே ஃபுளோரன்ஸுக்குக் கிளம்பினார். தான் தங்கியிருந்த வீட்டுக்காரரே அந்த ஊரில் காலராவுக்கு முதல் பலி என்று பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் காய் நறுக்கச் சொல்கிறார்.

குறை என்ன? பக்குவத்தைப் பாதி நம் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறார். டஸ்கனியும் அவர் பிறந்த வட்டாரமான ரொமாஞாவும் நிரம்பி வழிய, தெற்கு இத்தாலி ஓரமாக நிற்கிறது. இறைச்சிச் சாறும் பன்றிக்கொழுப்பும் அடிக்கடி வருவதால் சைவர்கள் பல பக்கங்களைத் தாண்ட வேண்டியிருக்கும்.

ஹசானும் அதே ரொமாஞாக்காரர்தான், செசெனாட்டிகோவில் பிறந்தவர். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 1955இல் மணமாகி நியூயார்க்குக்குப் போன பிறகுதான் சமைக்கக் கற்றார். அதனாலேயே தெரியாதவருக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரிகிறது. 1973, 1978இல் வந்த இரு நூல்களும் 1992இல் ‘Essentials of Classic Italian Cooking’ என்ற ஒரே நூலாகச் சேர்க்கப்பட்டன. வாங்க வேண்டியது அதுதான்.

அவருடைய தக்காளிச் சாஸைப் பாருங்கள். சுமார் 900 கிராம் தக்காளி, ஐந்து மேசைக்கரண்டி வெண்ணெய், பாதியாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. முக்கால் மணி நேரம் மெல்லிய கொதியில் விட்டு, வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். பூண்டு இல்லை, திருநீற்றுப்பச்சிலை இல்லை, ஆலிவ் எண்ணெய்கூட இல்லை. தாளிக்காமல் எதையும் இறக்காத கை எனக்கு. முதல்முறை நம்பிக்கையே வரவில்லை. சாப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். போலோஞா இறைச்சிச் சாஸில் வைனுக்கு முன்னால் பாலை ஏன் ஊற்ற வேண்டும் என்பதற்கும் அவரிடம் காரணம் இருக்கிறது: வைன், தக்காளியின் புளிப்பு கறியைத் தாக்காமல் பால் காக்குமாம். கண்டிப்பான டீச்சர்தான். பூண்டை அள்ளிப் போடுபவர்களை அவர் மன்னிப்பதே இல்லை.

‘வெள்ளிக் கரண்டி’ 1950இல் இத்தாலியில் வந்தது, ஆங்கிலத்தில் 2005இல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள், ஒவ்வொன்றும் தந்தி வாசகம்போல. கத்தரிக்காய் வாங்கிவந்துவிட்டு என்ன செய்வது என்று விழிக்கும் நாளில் உதவும். கைப்பக்குவம் ஏற்கெனவே வந்தவருக்கே சரி.

வைனுக்கு இம்மூன்றையும் நம்ப வேண்டாம், பழைய வைன் நூலையும் நம்ப வேண்டாம். சமையல் குறிப்பு நூறாண்டு தாங்கும். எந்த வைனுக்கு எந்தத் தகுதி என்று சொல்லும் லேபிள் சட்டம் தாங்காது. சாஸிகாயா என்ற புகழ்பெற்ற டஸ்கனி வைன் வெறும் ‘மேசை வைன்’ என்ற கடைநிலைத் தகுதியில் பல ஆண்டுகள் விற்கப்பட்டு, 1994இல்தான் சட்டத்தில் உரிய இடத்தைப் பெற்றது. அதற்கு முந்தைய கையேட்டை வைத்துக்கொண்டு கடையில் நின்றால், அந்தப் புட்டியை அலமாரியின் எந்தத் தட்டில் தேடுவீர்கள்?